ஆறாவது ஜோடி

அத்தியாயம் 4

செத்துப் போனவர் எழுதி வைத்த நோட்டில் கடைசி இரண்டு பக்கம் காலியாக இருந்தது.

தாண்டவராயன் அதை மூன்றாம் முறையாகப் புரட்டினார். பக்கத்துக்கு ஒரு ஜோடி. ஐந்து பக்கத்தில் டிரில் மாஸ்டர் வேதாசலத்தின் குண்டு குண்டான எழுத்து. ஆறாம் பக்கத்தில் 6 என்ற எண் மட்டும். ஏழாம் பக்கத்தில் 7. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

எதிரே சுண்ணாம்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து அருள்தாஸ் காகிதத்தைச் சீட்டு சீட்டாகக் கத்தரித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்து விளையாட்டு ரூம் அது. ஜன்னல் கிடையாது. கிழிந்த வலையும் எலிப் புழுக்கையும்தான் சொத்து.

“ஏட்டய்யா, நாம கொலகாரனப் புடிக்க வந்தமா, சடுகுடு நடத்த வந்தமா?”

“இப்போதைக்கு ரெண்டும் ஒண்ணுதான். சீட்ட ஒரே அளவா வெட்டு.”

தாண்டவராயன் இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தவர். ஏட்டாக இருந்தபோது, பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காஞ்சிபுரத்தில் சைக்கிள் கடை மாடியில் ஒரு ரூம் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் என்று போர்டு மாட்டினார். அருள்தாஸ் கல் குவாரியில் பிறந்து லாரி கிளீனராக வளர்ந்தவன். முப்பது வயதுக்குள் வாயால் மூன்று முதலாளிகளை இழந்திருந்தான். நாலாவது முதலாளிக்கு அந்த வாய் தேவைப்பட்டது.

உத்திரமேரூரில் பஸ் மாறி, திருப்புலிவனம் தாண்டி இறங்கி மூன்று மைல் நடந்தால் கருவேலம்பாக்கம். பொங்கல் முடிந்த புதன்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், ஏரி மதகுப் படியில் வேதாசலம் மண்டை பிளந்து கிடந்தார். அன்றைக்கே போலீஸ் காலனிக்குள் புகுந்து ஏசுதாஸ் என்ற குவாரிக் கூலியைத் தூக்கிக்கொண்டு போனது. முதல் நாள் சாயந்தரம் டீக்கடையில் அவன் மாஸ்டர் கையைப் பிடித்து இழுத்து “வேணாம் சார், வேணாம் சார்” என்று கத்தியதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். கொலை நடந்த அன்று அவன் ஏரிக்கரை வழியாக வீட்டுக்குப் போனான். காலனி ஆட்கள் எல்லோரும்தான் அந்த வழியே போகிறார்கள். ஆனால் கல் உடைக்கிறவன், கல்லால் அடித்தான் என்பது இன்ஸ்பெக்டருக்குப் போதுமானதாக இருந்தது.

கைது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. சும்மா வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏசுதாஸின் பெண்சாதி மங்கம்மா வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்துக்கு வந்து சைக்கிள் கடை மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்களாம். அதற்குள் அடித்தே கைநாட்டு வாங்கிவிடுவார்கள். வாங்கிவிட்டால் ஆள் திரும்ப மாட்டான். அவள் அழவில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு, என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

இன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆள் பிரித்து ஆட்டம் நடத்தும் நாள்.

போன வருஷம் ஊருக்கும் காலனிக்கும் நடந்த சடுகுடுவில் பதினோரு மண்டை உடைந்தது. இந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு நூல் மில்லின் ஆள் ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தது. ஜெயிக்கிற அணியில் இரண்டு பேருக்கு மில்லில் நிரந்தர வேலை. கல் உடைத்தும் நாற்று நட்டும் பிழைக்கிற ஊரில் அது சாமி வரம் மாதிரி. வேதாசலம்தான் கமிட்டிக் காரியதரிசி. ஊரையும் காலனியையும் கலந்து உத்தி பிரித்தால்தான் போட்டி நடத்துவேன், இல்லாவிட்டால் விசிலைக் கழற்றி வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

உத்தி பிரிப்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சம பலமுள்ள இரண்டு பேர் ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு பொய்ப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியது. தோள் மேல் கை போட்டுக்கொண்டு திரும்பி வந்து கேப்டன்கள் முன்னால் நிற்க வேண்டியது. கடப்பாரை வேணுமா, கலப்பை வேணுமா என்று கேட்டால் கேப்டன் ஒன்றைச் சொல்வான். அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப் பக்கம். யார் கடப்பாரை, யார் கலப்பை என்பது எடுக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. பிடித்த கேப்டன் பக்கம் போவதற்காகக் கடைசி நேரத்தில் பெயரை மாற்றிச் சொல்லும் திருட்டுத்தனமும் உண்டு. அதற்காகத்தான் மாஸ்டர் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக இந்த ரூமுக்குக் கூப்பிட்டுப் பெயரை நோட்டில் எழுதி வாங்கினார். யாருக்கு யார் ஜோடி என்பதையே வெளியில் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு கேப்டன்கள், பதினாலு ஆட்டக்காரர்கள், ஏழு ஜோடி. ஐந்து ஜோடி எழுதியாகிவிட்டது. எழுதாமல் மிஞ்சியது நாலு பேர். ஏசுதாஸ், செங்கேணி, சடையப்பன், கோதண்டன்.

மாஸ்டர் போன பிறகு ஆள் பிரிக்க ஊர்க்காரன் வந்தால் காலனி ஒப்பாது, காலனி ஆள் வந்தால் ஊர் ஒப்பாது. வெளியாளை வைத்துப் பிரிக்கலாம் என்று தாண்டவராயன் பெயரைச் சொன்னான் காலனிக் கேப்டன் ஞானதாஸ். பழைய போலீஸ்காரர் என்றதும் கமிட்டித் தலைவர் வேதகிரி உடனே சரி என்றார். அப்படித்தான் மாஸ்டர் சைக்கிளில் கிடந்த, போலீஸ் ஒரு பொருட்டாக நினைக்காத இந்த நோட்டு தாண்டவராயன் கைக்கு வந்தது.

யார் முதலில் எடுப்பது என்பதற்குத்தான் சீட்டு. அருள்தாஸ் வெட்டிய சீட்டைக் குடத்துக்குள் போட்டான்.

“உத்திரமேரூர்க் கோயில் சொவத்துல கீதாமே, அந்தக் காலத்துலயே கொடத்துல ஓலை போட்டு ஆள் எடுத்தாங்கன்னு.”

“ஆமா.”

“நெலம் இருந்தாத்தான் பேரு உள்ள போவும்னும் அதே சொவத்துல கீதாம். எங்க பாட்டன் பேர அந்தக் கொடம் பார்த்திருக்காது ஏட்டய்யா.”

தாண்டவராயன் நோட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். மூன்று பேரிடம் ஒரே கேள்வி கேட்க வேண்டும் என்றார். நோட்டை எவன் கண்ணிலும் காட்டக் கூடாது.

முதல் ஆள் ஞானதாஸ். குவாரிப் பள்ளத்தில் சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தான். பேசும்போதும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூலி நிற்கும்.

ஏசுதாஸ் உள்ளே இருக்கிறான், அவன் இடத்தில் யாரைப் போடலாம் என்று தாண்டவராயன் கேட்டார்.

“செங்கேணிக்கு ஜோடி போச்சே” என்றான் ஞானதாஸ். மூச்சு விடாமல் எதிர்ப்பக்கம் பாடிப் போகிறவர்கள் இந்த ஊரில் ஏசுதாஸும் செங்கேணியும்தான். பாடுகிறவனுக்குப் பாடுகிறவன்தான் ஜோடி. சடையப்பனும் கோதண்டனும் பிடிக்கிறவர்கள், அவர்கள் ஒரு ஜோடி. இதில் மாஸ்டர் என்ன யோசித்திருக்கப் போகிறார். புள்ளலூரில் ஒருத்தன் இருக்கிறான், மூச்சு நிற்கும், செங்கேணிக்குச் சரியாக வருவான் என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தான். நாலடி போனதும் திரும்பாமலே, ஏசுதாஸ் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டான்.

இரண்டாவது ஆள் ஊர்க் கேப்டன் கன்னியப்பன். ரைஸ் மில் முதலாளியின் மகன். தவிட்டுத் தூசிக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஏசுதாஸ் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தான். கொலைகாரனுக்குப் பதில் யார் வந்தாலும் சந்தோஷம் என்றான். அப்புறம் ஞானதாஸ் சொன்னதையே சொன்னான். செங்கேணியோடு நிற்க ஒரு பாடுகிறவன் வேண்டும், அவ்வளவுதான்.

மாஸ்டரிடம் முன்கூட்டிப் பெயர்களைக் கேட்டாயா என்று தாண்டவராயன் சும்மா விட்டுப் பார்த்தார். கன்னியப்பன் மறைக்கவில்லை. ஒரு மூட்டைப் பொன்னி அரிசி அனுப்பினானாம். மாஸ்டர் அதை வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டாராம்.

“மூட்டைய மட்டுமா அனுப்பினாரு, வண்டி மாட்டுக்கு ஒரு வாய் தண்ணி காட்டி அனுப்பினாரா?” என்றான் அருள்தாஸ். கன்னியப்பன் அவனை நாற்காலிக் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

வெளியே வந்ததும், இவன் மூஞ்சியே கொலைகார மூஞ்சிதான் என்றான் அருள்தாஸ். அரிசி கொடுத்து நடக்காததை அடித்துப் பிடுங்கியிருப்பான்.

“அடிச்சுப் புடுங்கினவன் நோட்ட ஏன் மாஸ்டர் சைக்கிள்லயே வுட்டுட்டுப் போனான்?” என்றார் தாண்டவராயன். அருள்தாஸ் அந்த மூஞ்சியை மனசில்லாமல் விட்டுக்கொடுத்தான்.

மூன்றாவது ஆள் வேதகிரி. பம்ப்செட் ரூமுக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுபது காணி நிலம், வெளுத்த வேட்டி, மரியாதையான பேச்சு. தாண்டவராயனுக்கு வெண்கல டம்ளரில் மோர் வந்தது. அருள்தாஸைப் பம்ப்செட்டுத் தொட்டிக்குக் கூட்டிப்போய்க் கையை ஏந்தச் சொல்லி ஒரு ஆள் தண்ணீர் ஊற்றினான்.

மாஸ்டர் போனது தனக்குக் கை ஒடிந்த மாதிரி என்றார் வேதகிரி. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியக் கருக்கலில் செங்கல்பட்டில் மச்சினன் வீட்டுக்குப் போனவர் வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரே ஏரிக்கரையில் நிற்கிறது. சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே ஈரம் இருந்தது.

தாண்டவராயன் அதே கேள்வியைக் கேட்டார். ஏசுதாஸ் இடத்தில் யாரைப் போடலாம்?

“எவன வேணா போடுங்க ஏட்டய்யா. நம்ம தெருப் புள்ளையா மட்டும் பாத்துப் போட்டுடுங்க. எட்டு ஊரு சனம் பாக்க எம்மவன் தோள்ல கை போட்டுகினு வரப்போறவன்” என்றார் வேதகிரி.

அவர் மகன் சடையப்பன் பக்கத்து வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது, தூண் மாதிரி கால். பேச்சு அவன் காதுக்கு எட்டும் தூரம் இல்லை.

தாண்டவராயன் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அப்படியே செய்துவிடலாம் என்றார்.

திரும்பும்போது அருள்தாஸ் கையை உதறிக்கொண்டே வந்தான். டம்ளர் கழுவுகிற வேலை அந்த வீட்டுக்கு மிச்சம், நல்ல சிக்கனம் என்றான். தாண்டவராயன் முன்னால் நடந்தார். மதகுப் படிக்கு வந்ததும் நின்றார். கருங்கல்லில் இன்னும் கறை இருந்தது.

“அருளு, ஞானதாஸ் யாருக்கு ஜோடி போச்சுன்னான்?”

“செங்கேணிக்கு.”

“கன்னியப்பன்?”

“அவனும் செங்கேணிக்குத்தான்.”

“பெரியவரு?”

அருள்தாஸ் வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

“மூடிகினு நட” என்றார் தாண்டவராயன். “இத வெச்சிகினு ஒரு எலியக்கூடப் புடிக்க முடியாது. ஏசுதாஸ் வாயால ஒரு பேச்சு வேணும். மாஸ்டர் உன்ன யார்கூட ஜோடி சேத்தாரு, எப்ப சொன்னாரு. அந்த ரெண்டுதான்.”

ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டேஷனில் அவர்களை உள்ளே விடவில்லை. அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று ரைட்டர் சொன்னார். சொல்லும்போது உள்ளேயிருந்து ஒருவன் முனகும் சத்தம் கேட்டது. ரைட்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மங்கம்மா தூக்குச் சட்டியோடு சாயந்தரம் வரை வெளியே நின்றாள். சோறு புளித்துப் போனது.

காலையில் டூட்டி மாறும், காலை டூட்டிக்காரர் பிள்ளைகுட்டிக்காரர், கெஞ்சினால் விடுவார் என்றாள் அவள். அந்த இரண்டு கேள்வியையும் தாண்டவராயன் அவளிடம் சொல்லி அனுப்பினார். அவள் திரும்பி வரும்வரை ஆள் பிரிப்பதை இழுத்துக்கொண்டிருப்பது அவர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே ஏரிக்கு உள்ளே காய்ந்த தரையில் எட்டு ஊரும் கூடிவிட்டது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் சுண்ணாம்புக் கோடு. பந்தலில் மூன்று நாற்காலி. நடுவில் வேதகிரி, இடது பக்கம் மில்காரர், வலது பக்கம் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டது தாண்டவராயன்தான். தகராறு வராமல் இருக்க ஐயா ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

குடத்துச் சீட்டில் ஞானதாஸுக்கு முதல் வாய்ப்பு விழுந்தது. முதல் ஜோடி ஒதுங்கிப் போய்த் தோளில் கை போட்டு வந்தது. நெல்லா, பதரா? எவனும் எடுக்க மாட்டான் என்று தனக்கு வேண்டியவன் பதரில்தான் ஒளிந்திருப்பான் என்று கணக்குப் போட்டு ஞானதாஸ் பதர் என்றான். நோட்டைப் பார்த்துத் தாண்டவராயன் ஆளைச் சொன்னார். ஜனம் சிரித்தது. செத்த மாஸ்டரின் எழுத்தில் ஆட்கள் பிரிந்து பிரிந்து இரண்டு பக்கமும் போனார்கள். ஊர்ப் பையன் ஞானதாஸ் பக்கம், காலனிப் பையன் கன்னியப்பன் பக்கம். சுண்ணாம்புக் கோடு மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.

தாண்டவராயன் ஒவ்வொரு ஜோடிக்கும் விதிமுறையை மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாவது ஜோடி முடிந்ததும் குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்று அருள்தாஸ் அரைமணி நேரம் சோதனை போட்டான். மில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாவது ஜோடி பிரிந்தபோது மணி பத்தே கால்.

கரை மேல் மங்கம்மா ஓடி வந்தாள். நேராகத் தாண்டவராயனிடம் வந்து, மூச்சு வாங்க, அவர் காதில் சொன்னாள். சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தாண்டவராயன் ஆறாம் பக்கத்தை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார்.

“இந்தப் பக்கம் காலி. எழுதறதுக்குள்ள மாஸ்டர் செத்துட்டாரு. அவரு மனசுல இருந்த ஜோடிய நான் சொல்றேன். சடையப்பன். ஏசுதாஸ்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஊர்ப் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிடிக்கிறவனோடு பாடுகிறவனை எவனாவது சேர்ப்பானா என்று கன்னியப்பன் கேட்டான்.

தாண்டவராயன் நிதானமாக விளக்கினார். சேர்க்க மாட்டான். இந்த ஊரில் சடுகுடு தெரிந்த எவனும் இப்படி யோசித்திருக்க மாட்டான். ஆனால் உத்தியில் ஜோடி என்றால் பிரியப் போகிறவர்கள் என்று அர்த்தம். ஊரின் பெரிய தலையும் காலனியின் பெரிய தலையும் ஒரே ஜோடியில் நின்றால் இருவரும் ஒரே அணிக்குப் போகவே முடியாது. அப்போது எந்த அணியும் ஊர் அணியும் ஆகாது, காலனி அணியும் ஆகாது. போன வருஷம் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் முதல் கல் பறந்தது. இந்த வருஷம் இவர்களே தோளில் கை போட்டு வரட்டும் என்று மாஸ்டர் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் முடிவு செய்தார். டீக்கடையில் ஏசுதாஸிடம் சொன்னார். அவன் சண்டை போடவில்லை. கையைப் பிடித்துக் கெஞ்சினான். அந்த வீட்டுப் பிள்ளை தோளில் நான் கை போட்டால் காலனி கூரை மிஞ்சாது, வேணாம் சார் என்று கெஞ்சினான். நாலு நாளாக அடி வாங்கியும் அதைப் போலீஸிடம் சொல்லவில்லை. சொன்னால் கூரை எரியும் என்று பயந்தான்.

“பெரியவரே” என்றார் தாண்டவராயன். “எம்மவன் தோள்ல கை போட வேண்டியவன் எடத்துல நம்ம தெருப் புள்ளையப் போடுன்னு நேத்து எங்கிட்ட சொன்னீங்க. ஏசுதாஸ்தான் அந்த ஜோடின்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

வேதகிரி பதறவில்லை. காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“பையன் சொன்னான்.”

எட்டு ஊரும் சடையப்பனைப் பார்த்தது. அவன் தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். ஏசுதாஸ் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவான், இவர்கள் மதியமே ஆட்டத்தை ஆரம்பிக்கலாம். மங்கம்மா தரையிலிருந்தே அவன் முகத்தைப் பார்த்தாள்.

சடையப்பன் ஆட்டவில்லை.

“எனக்குத் தெரியாது. இன்னிக்கி வரைக்கும் கோதண்டன்தான் ஜோடின்னு நெனச்சிகினு இருந்தேன்.”

அப்படியென்றால் மாஸ்டரே சொல்லியிருப்பார், ஞாபகம் இல்லை என்றார் வேதகிரி. எப்போது என்று தாண்டவராயன் கேட்டார். மாஸ்டர் முடிவு செய்தது செவ்வாய் சாயந்தரம். அதற்கு முன்னாலேயே விடியக் கருக்கலில் செங்கல்பட்டு பஸ் ஏறியவர், வியாழக்கிழமைதான் இறங்கியவர், புதன்கிழமை செத்தவரிடம் எப்படிக் கேட்டார்?

வேதகிரி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் சொல்லியிருந்தால் இது சுவருக்கு மட்டும் கேட்டிருக்கும்.

“பொதன்கெழமையே வந்தாரு” என்றான் சடையப்பன். குரல் பெரிதாக இல்லை, ஆனாலும் பின்வரிசை வரை கேட்டது. பொழுது போய் வீட்டுக் கொல்லைப் பக்கமாக வந்தாராம். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்ததாம். வேறு வேட்டி கட்டிக்கொண்டு வயல் வழியே கிளம்பிவிட்டார். வியாழக்கிழமைதான் வந்தேன் என்று யார் கேட்டாலும் சொல் என்றார். அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. மாஸ்டரை அவர் எதற்காக அடிக்கப் போகிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இப்போதுதான் எதற்காக என்று தெரிகிறது.

அவன் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றான்.

“தோளு என்னுது நைனா. என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

வேதகிரி மகன் பக்கம் திரும்பினார். சரிக்கட்டிப் பேசுகிற பேச்செல்லாம் அவரிடமிருந்து போய்விட்டது.

“தள்ளித்தான் வுட்டேன்” என்றார். “பொதன்கெழம ஊர் திரும்பும்போது மதகுல மாஸ்டரப் பாத்தேன். எம்மவனுக்கு எவன் ஜோடின்னு கேட்டேன், அந்தாளு ஏசுதாஸ் பேரச் சொல்றான். அந்தப் பேரே எனக்கு அப்பதான் தெரியும். ஜோடிய மாத்து, கோதண்டனச் சேத்து வுடு, வேற எவனா இருந்தாலும் பரவாயில்லன்னேன். கை வெச்சா தோள்ல ஒட்டிக்குமா பெரியவரேன்னு சிரிச்சான். சிரிக்காம இருந்திருக்கலாம்.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். எட்டு ஊர் கேட்டதைத் தான் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. வேதகிரியின் கையில் விலங்கு மாட்டவில்லை. ஜீப்பில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்.

“பின் சீட்டு எங்காளுங்களுக்கு ரிசர்வு” என்றான் அருள்தாஸ்.

மதியம் ஏசுதாஸை விட்டுவிட்டார்கள். பிடித்ததாகவே எழுதாததால், விட்டதாகவும் எழுத வேண்டியிருக்கவில்லை. பின்பக்க வழியாக இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கி வந்து மாட்டு வண்டியின் வைக்கோலில் போட்டார்கள். இரண்டு உள்ளங்காலும் தோல் உரிந்து பழுத்திருந்தது. வலது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கமாகத் திரும்பிக் கருத்து வீங்கி இருந்தது. தாண்டவராயன் அதைத் தொட்டுப் பார்த்தார். போலீஸில் இருந்தவர். எந்த வீக்கம் வற்றும், எது வற்றாது என்று அவருக்குத் தெரியும்.

ஞானதாஸ் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மில்காரர் நாலு மணி பஸ் வரைதான் இருப்பார். ஊர்ப் பக்கம் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், மீதி நிற்கிறார்கள். சடையப்பனும் நிற்கிறான். ஜோடி இல்லாமல் எடுக்க மாட்டார்கள் என்று கோட்டிலேயே தனியாக நிற்கிறான். என்ன செய்வது என்று ஞானதாஸ் தாண்டவராயனைக் கேட்கவில்லை, ஏசுதாஸைக் கேட்டான்.

ஏசுதாஸுக்கு உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான்.

“எவனயாவது சேத்து நிக்க வெச்சிப் பிரிச்சிடு. நம்ம பசங்க ரெண்டு பேரு வேலைக்கிப் போனா போதும்.”

ஞானதாஸ் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

வண்டி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. மங்கம்மா புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்த அருள்தாஸைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நீ குவாரில பொறந்தவன்தான. நாளைக்கி இவரு சம்மட்டிய எடுத்துகினு நான் போனா மேஸ்திரி சேத்துக்குவானா?”

அருள்தாஸ் நடந்துகொண்டே, சரிந்த வைக்கோலை அள்ளி ஏசுதாஸின் முழங்காலுக்குக் கீழே அணைத்து வைத்தான்.

வண்டி ஏரிக்கரை மேல் ஏறும்போது உள்ளேயிருந்து ஜனத்தின் சத்தம் எழுந்து அடங்கியது. யாரையோ யாரோ எடுத்துவிட்டார்கள்.